இரண்டு பவுண்டு காற்று

எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் மூன்று வெந்நீர்த் தொட்டிகள் உண்டு. ஒரு வதந்தி எவ்வளவு சூடாக இருக்கும் என்பது அதை எந்தத் தொட்டியில் உட்கார்ந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜனவரி தொடக்கத்தில், முப்பத்தெட்டு டிகிரித் தொட்டியில் என் காதில் விழுந்தபோது விஷயம் இவ்வளவுதான்: கோல்பேனின் பழைய பிக்கப் வண்டி மலைக்கு மேலே பனிவெளியில் ஆளில்லாமல் தானாகப் போய்க்கொண்டிருந்தது, பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற இங்வார் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். நாற்பது டிகிரித் தொட்டிக்கு மாறினேன். அங்கே கோல்பேன் வண்டிக்குள் போதையில் படுத்திருந்தான். நாற்பத்திரண்டு டிகிரியில் கோல்பேன் செத்துப் பனியில் கிடந்தான், வண்டி அவனைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. அந்தத் தொட்டியில் யாராலும் அதிக நேரம் உட்கார முடியாது. கதையைச் சீக்கிரம் முடித்தாக வேண்டும்.

செத்துப்போன கோல்பேன் அந்த நேரத்தில் பக்கத்து நீராவி அறையிலிருந்து சிவந்து வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருவரைப் பற்றிப் பேசுவது இங்கே உரிமை. அவரிடமே போய்க் கேட்பது மரியாதைக் குறைவு.

எனக்கு அந்த மரியாதையைக் கைவிட ஒரு காரணம் இருந்தது. அந்த வருடம் தோர்ரி விருந்துக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். ஜனவரி கடைசியில் ஊர் முழுக்கச் சமுதாயக் கூடத்தில் கூடி, புளிக்க வைத்த சுறாவையும் வாட்டிய ஆட்டுத் தலையையும் உள்ளே தள்ளிய பிறகு, குழு மேடையேறி அந்த ஆண்டில் யார் யார் என்னென்ன கிறுக்குத்தனம் செய்தார்கள் என்று நடித்துக் காட்ட வேண்டும். மேடையில் கேலிக்கு ஆளாவது அவமானமில்லை, விட்டுப்போவதுதான் அவமானம். இரண்டு மூன்று வருடம் தன் பெயர் மேடையில் வராத மனிதர் மெல்ல வீட்டை விற்கிற பேச்சை எடுப்பார். ஆளில்லாத பிக்கப் வண்டி என்பது எந்தக் குழுவுக்கும் லேசில் கிடைக்காத சரக்கு. ஆனால் பொய்யை மேடையேற்றக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதனால் சரிபார்க்கப் புறப்பட்டேன்.

கோல்பேனை எனக்கு நன்றாகத் தெரியும். நான் காட் மீனுக்கு முள் எடுக்கிற அதே ஆலையில், குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை, வருத்தப்பட ஆரம்பித்திருக்கிறானோ என்னவோ, அவனுக்கு எல்லாமே சற்று தாமதமாகத்தான் வரும். அவனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாம் காபி எடுத்து வரலாம். ஆற்றிக் குடிக்கலாம். கோப்பையைக் கழுவி வைக்கும்போது பதில் வந்து சேரும். வந்த பதில் சரியாக இருக்கும் என்பதுதான் எரிச்சல்.

எங்கள் ஊரைச் சுற்றி மலை, எதிரே கடல். நவம்பர் நடுவில் மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். அன்று எல்லா வீட்டிலும் மெல்லிய அப்பமும் காபியும். அது வரைக்கும் பகல் என்பது ஒரு நீல நிறம், அவ்வளவுதான். குளிர்கிடங்கில் அந்த நீலமும் கிடையாது; ஜன்னலே இல்லை. ஒரு டிசம்பரில் மீன் பெட்டிகளுக்கு நடுவே ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுக் கோல்பேன் யோசித்திருக்கிறான்: சூரியன் எங்கேயும் போய்விடவில்லை, மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, மேலே பனிவெளிக்குப் போனால் நண்பகலில் ஒரு மணி நேரமாவது பார்க்கலாம். பாதை மட்டும்தான் பனிக்கடியில் கிடக்கிறது. இந்த யோசனைக்கு அவனுக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. அடுத்த குளிர்காலத்தில் டயர் வாங்கினான்.

சாதாரண டயர் பனியில் கத்தி மாதிரி இறங்கும். பெரிய அகல டயரில் காற்றைக் குறைத்துவிட்டால் அது பூனைப் பாதம்போல் பரந்து மேலேயே நிற்கும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கோல்பேன் தன் இடுப்பளவு உயரத்துக்கு நான்கு டயர்கள் கொண்டுவந்தான். அவை உள்ளே நுழையவில்லை. மட்கார்டுகளை ரம்பத்தால் அறுத்து, ஃபைபரில் புதிதாக வார்த்து ஒட்டினான். வண்டி ஏதோ கனவில் வருகிற வண்டிபோல ஆயிற்று: மேலே சின்ன உடம்பு, கீழே பெரிய பாதங்கள். பார்க்க அழகுதான். ஆனால் தேவாலய மேட்டில் ஏற முடியவில்லை. ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பெண் அவனைக் கடந்து போனாள்.

"டயர் பெருசானா வண்டிக்குக் காலு நீண்டுடுது," என்று அவன் எனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "ஒவ்வொரு அடியும் நீளமா வைக்கணும். ஆனா இதயம் பழைய இதயம்தானே."

ஆகவே பல்சக்கரங்கள். அச்சுக்கு நடுவே இருக்கிற சின்னச் சக்கரத்தில் பத்துப் பல் இருந்ததை எடுத்துவிட்டு ஏழு பல் போட வேண்டும். அப்போது எஞ்சின் அதிகம் சுற்றும், டயர் மெதுவாகச் சுற்றும், இழுவை திரும்பி வரும். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என்று இரண்டு செட் வரவழைத்தான். பின் அச்சு செட் முதல் கப்பலில் வந்தது. முன்னது அடுத்த கப்பலில். நடுவில் இருந்த நாட்களில் கோல்பேன் பின்னதை மட்டும் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் தவறில்லை, நான்கு சக்கர இழுவையைப் போடாத வரைக்கும். பெட்ரோல் பங்கில் சறுக்கலாக இருந்தது. பழக்கத்தில் கை லீவரைத் தள்ளிவிட்டது. முன் கால்கள் பழைய வேகத்திலும் பின் கால்கள் புதிய வேகத்திலும் புறப்பட, வண்டி அதே இடத்தில் தவளைபோல் துள்ளித் துள்ளி நின்றது. அந்த வருட விருந்து மேடையில் இரண்டு பேர் ஒரே குதிரைத் தோலுக்குள் புகுந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அதன் பின்பாதியாக நடித்தவள் ஓட்னி. கோல்பேன் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான், மூன்று நாள் கழித்து, கிடங்கில், தனியாக.

முன்னும் பின்னும் ஒத்துப்போன பிறகு வண்டி மேடேறியது. கோல்பேன் சூரியனைப் பார்த்தான். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மெதுவாகப் போவதில் அவனுக்கு ருசி விழுந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு கியர் பெட்டி சேர்த்தான். இப்போது எல்லாவற்றையும் தாழ்த்தி வைத்தால், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே, வண்டி ஒரு மனிதன் யோசனையில் நடக்கிற வேகத்தில் போகும். கிழக்கே அடுத்த பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டால் ஈஸ்டருக்குப் போய்ச் சேருவான் என்று பேசிக்கொண்டார்கள். இருந்தாலும் போன வருடப் புயலில் மீட்புக் குழுவின் பெரிய வண்டிகள் பாதியில் திரும்பியபோது, அந்தப் பக்கத்துப் பண்ணைக்கு நர்ஸைக் கொண்டு சேர்த்தவன் அவன்தான். போய்ச் சேர நேரமானது, ஆனால் சேர்ந்தான்.

அவன் கராஜில் போய் நின்றேன். ஆலையில் பேசுகிற எல்லாவற்றையும் பேசி, அவன் சுட்டு வைத்திருந்த முறுக்கு அப்பத்தையும் தின்று முடித்து, பிறகு கேட்டேன். இங்வார் பார்த்தது உண்மையா?

காபி எடுத்து வந்தேன். ஆற்றிக் குடித்தேன்.

உண்மைதான் என்றான். வண்டியைத் தாழ்ந்த கியரில் விட்டுவிட்டு இறங்கிப் பக்கத்தில் நடப்பானாம். இங்வார் பார்த்தபோது வண்டிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். மேலே பனி மூட்டம் வந்தால் உள்ளே உட்கார்ந்து ஒன்றும் தெரியாது. கால்தான் தரையை அறியும். வண்டி எங்கேயாவது திரும்பிவிடாதா என்று கேட்டேன்.

"நாலு டயர்லயும் ஒரே காத்து இருந்தா நூல் புடிச்ச மாதிரிப் போகும். அதுக்குன்னு தனியா புத்தி கிடையாதே, தப்பா போறதுக்கு."

பிறகு, நான் கேட்காமலே, அவன் ஒன்று சொன்னான். கோல்பேன் கேட்காமல் பேசியதை நான் கண்டது அதுதான் முதல் தரம்.

"இதை மட்டும் மேடையில போட்டுடாதே."

காரணம் எனக்கே தெரியும். மீட்புக் குழுவில் ஒரு விதி இருக்கிறது: ஓடுகிற வண்டியை விட்டு இறங்குகிற ஓட்டுநரின் பெயர் அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தொட்டியில் பேசுவது பேச்சுதான். மேடையில் வந்துவிட்டால் ஊருக்கு அதிகாரபூர்வமாகத் தெரிந்ததாக ஆகிவிடும். அப்புறம் குழுத் தலைவரால் தெரியாததுபோல் இருக்க முடியாது. கோல்பேன் பதினேழு வயதிலிருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறான். நள்ளிரவோ பகலோ, இந்த ஊரில் அவன் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிடுவது அந்த அழைப்பு வரும்போதுதான்.

மீட்புக் குழுத் தலைவர், மேடையில் குதிரையின் பின்பாதியாக வந்த அதே ஓட்னி. துறைமுகத்தில் மீன் நிறுக்கிறவள். முப்பது வருடமாகக் கப்பல் தலைவர்கள் சொல்கிற எடையைக் கேட்டு, அதை நம்பாமல் தராசைப் பார்த்தே பழகியவள். அந்த விதியை எழுதியதும் அவளே. கோல்பேனும் அவளும் பள்ளியில் ஒரே வகுப்பு. அதனால் அவனை எல்லோரையும்விட ஒரு சுற்று அதிகமாகத் திட்டுவாள்.

வதந்தியை அவளும் தொட்டியில்தான் கேட்டிருந்தாள், நாற்பத்திரண்டு டிகிரியில். ஞாயிற்றுக்கிழமை தானே கூட வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். கண்ணால் பார்த்தால் பெயர் போகும், பார்க்காவிட்டால் பேச்சு போகும். சாட்சிக்கு நானும் பின்சீட்டில்.

பனிவெளியின் விளிம்பில் எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினோம். அங்கே காற்று இறக்க வேண்டும். இருபது பவுண்டிலிருந்து நான்கு பவுண்டுக்கு. வலது பக்கம் கோல்பேன் இறக்கினான். இடது பக்கம் ஓட்னி. இறக்கிக்கொண்டே அவள் ஓடுகிற வண்டியைப் பற்றிய விதி ஏன் வந்தது, யாரால் வந்தது, அதை மீறினவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வண்டிக்கு மேலாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல உரை. சற்று நீளம். கோல்பேன் தன் இரண்டு டயரையும் முடித்து, கையுறையைப் போட்டுக்கொண்டு, மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். காற்று சீறுகிற சத்தத்தோடு சேர்த்துக் கேட்க அது ஒரு மழைபோல இருந்தது.

மேலே போனோம். நண்பகலில் தெற்கே அடிவானத்தின் மேல் சூரியன் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், எழுந்திருக்கிற உத்தேசம் அதற்கு இல்லை. பனி முழுக்க ரோஜா நிறம். இரண்டு மாதமாக நிழல் என்ற ஒன்று இல்லாமல் இருந்த எங்களுக்கு, வண்டியின் நிழல் மைல் நீளத்துக்கு வடக்கே நீண்டு கிடந்ததைப் பார்க்க ஏதோ இழந்த பொருள் கிடைத்தாற்போல் இருந்தது. ஓட்னி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் முதல் தரமாகக் கேட்டேன்.

பிறகு கடல் பக்கமிருந்து மூட்டம் ஏறியது. சூரியன் முதலில் ஒரு ஆரஞ்சுத் தோலாக மெலிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. நடுவில் கோடு இல்லை. கோல்பேன் எல்லாக் கியரையும் தாழ்த்தினான். கதவைத் திறந்தான். இறங்கி நடந்தான்.

"பார்த்துக்க," என்றாள் ஓட்னி என்னிடம். "என் கண்ணு முன்னாடியே." உடனே ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கண்ணாடியை இறக்கி அவனைத் திட்டினாள். காற்றில் அது அவனுக்குக் கேட்கவில்லை. தலையை வெளியே நீட்டித் திட்டினாள். அப்படியும் கேட்கவில்லை. சரியாகத் திட்டுவதற்காக இறங்கினாள்.

இறங்கியவள் அவனோடு நடக்க ஆரம்பித்தாள். அவன் மட்கார்டில் கை வைத்திருந்தான், மாட்டின் முதுகில் வைப்பதுபோல. கொஞ்ச தூரம் போனதும் அவளும் வைத்தாள். திட்டு நின்றது. நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இரண்டு காலி இருக்கைகள். தானாக அசைகிற ஸ்டியரிங். ஹீட்டரின் இதமான முணுமுணுப்பு. அந்தக் கணத்தில் நான்தான் அந்த வதந்தியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. காபி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு குதித்துவிட்டேன்.

மூவரும் நடந்தோம். அந்த வேகத்தில் நடப்பது நடை இல்லை, மிதப்பு. எஞ்சின் தூக்கத்தில் பேசுகிறவரைப்போல ஒரே ஸ்வரத்தில் சொல்லிக்கொண்டே வந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. நான் காபி ஊற்றினேன். ஊற்ற நின்றோம். வண்டி நம்மைவிட மெதுவாகத்தான் போகும், அப்புறம் எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்றான் கோல்பேன். அவன் வழக்கம் அதுதானாம். அப்போது ஓட்னி கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. எதுக்கு இறங்கி நடக்கிற?"

கோல்பேனிடம் கேள்வி கேட்பதற்கு அது இடமில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவன் யோசித்தான். காபி ஆறியது. அவன் மீசையில் பனி கோத்தது. நாங்கள் இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உள்ள உட்கார்ந்தா நான் மட்டும்தான் போறேன்," என்றான் கடைசியில். "பக்கத்துல நடந்தா ரெண்டு பேராப் போறோம்."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். வண்டி இல்லை.

சத்தம் இருந்தது. எங்கே என்று சொல்ல முடியவில்லை. தரையோடு ஓடுகிற பனித்தூள் தடத்தைத் துடைத்துக்கொண்டே போயிருந்தது. சில அடிக்கு மேல் ஒன்றுமில்லை. ரேடியோ வண்டிக்குள். மூன்று பேருடைய கைப்பேசிகளும் சூடாக இருக்கட்டும் என்று முன் பலகையில். கோல்பேன் ஒரு அடி எடுத்து வைத்தான். ஓட்னி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நில்லு. வழி தெரியலைன்னா நின்ன இடத்துல நிக்கணும். அதுவும் விதிதான், ராசா."

நின்றோம். அவள் அவன் கையை விடவில்லை, அவன் என் கையை. மீட்புக் குழுத் தலைவரைத் தேடி மீட்புக் குழு வர வேண்டும் என்ற நினைப்பில் அவள் முகம் வெளுத்திருந்தது. பனியால் வெளுத்திருக்கலாம். எஞ்சின் சத்தம் முன்னால் இருந்தது. பிறகு இடது பக்கம் இருந்தது. பிறகு இல்லாமலே போயிற்று. அந்த வெள்ளைக்குள் நிற்கும்போது பயம்கூட ஏதோ தூரத்துச் சொந்தக்காரருக்கு வந்ததுபோல்தான் இருந்தது. நாங்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோமா, நிற்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ தூக்கத்தில் பேசுகிற சத்தம். திரும்பினோம். இரண்டு மஞ்சள் கண்கள். பெரிய பாதங்கள். வண்டி ஒரு பெரிய வட்டம் போட்டு, அவசரமில்லாமல், எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கோல்பேன் ஒதுங்கி வழி விட்டான். பக்கத்தில் வந்ததும் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு, கூடவே சில அடி நடந்து, ஏறி நிறுத்தினான்.

ஓட்னி காற்று மானியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தாள். வலது பக்கம் நான்கு. இடது பக்கம் இரண்டு. அங்கே டயர் வயிறு சரிந்து பனியில் உட்கார்ந்திருந்தது. வண்டி இடது பக்கமே சாய்ந்து சாய்ந்து திரும்பியதற்கு வேறு மர்மம் இல்லை. அவளுடைய உரை இரண்டு பவுண்டு நீளம் அதிகமாகிவிட்டது.

"காத்து தானா கொஞ்சம் இறங்கும் குளிருக்கு," என்றான் கோல்பேன், இந்த முறை வேகமாக.

"பொய் சொல்லாதே. ஒரு பக்கம் மட்டுமா குளிரும்? நான்தான்." மானியைச் சட்டைப் பையில் போட்டாள். "உனக்கு ரெண்டு பவுண்டு காத்து தரணும் நான். ரெண்டு டயருக்கும்."

பிறகு விதியைப் பற்றி யோசித்தாள். விதிப்படி இரண்டு பேர் பெயரையும் எடுக்க வேண்டும் என்றாள். எடுத்தால் அடுத்த மூத்தவர் தலைவராக வேண்டும். அடுத்த மூத்தவர், இந்த வதந்தியைத் தொடங்கி வைத்த இங்வார். இங்வார் தலைவராவதை மூவரும் அந்தப் பனியில் நின்று சற்று நேரம் மனக்கண்ணால் பார்த்தோம். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

மீட்புக் குழுக் கூட்டத்தில் ஓட்னி அறிக்கை கொடுத்தாள்: வதந்தி நேரில் சரிபார்க்கப்பட்டது, வண்டிக்கு அருகில் போதிய ஆட்கள் இருந்தார்கள். கோல்பேனின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. விருந்து மேடையில் அவனை விட்டுவிட முடியாது என்பதால், காபி வேண்டுமா என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்வதற்குள் மூன்று திருமணங்களும் ஒரு தேர்தலும் நடந்து முடிவதாக நடித்தோம். கூடம் அதிர்ந்தது. அவன் அடுத்த செவ்வாய்க்கிழமை சிரித்தான். தொட்டியில் என்னை விசாரித்தவர்களுக்கு, வெறும் பேச்சு, ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே எழுதுவது வேறு. எங்கள் ஊரில் இந்தத் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சூரியன் ஊருக்கு வந்துவிட்டது. அப்பம் சுட்டுத் தின்றாகிவிட்டது. கோல்பேனின் கராஜில் நல்ல கம்ப்ரஸர் இருக்கிறது, அதன் குழாய் தெரு வரைக்கும் எட்டும். ஆனால் ஊர்ச் சாலைக்காகக் காற்று ஏற்றும்போதும் வலது பக்கம் இருபது, இடது பக்கம் பதினெட்டு என்றுதான் ஏற்றுகிறான். ஏன் என்று கேட்டேன். அது தன்னுடைய பாக்கி இல்லை, தர வேண்டியவள் தரட்டும் என்றான். வண்டி இப்போது சாலையில் லேசாக இடது பக்கம் இழுக்கிறது. அவன் வீட்டிலிருந்து ஆலைக்குப் போகிற வழியில் துறைமுக எடைமேடை இடது பக்கம்தான் இருக்கிறது. தினமும் அந்த இடத்தில் மெதுவாகப் போகிறான். ஓட்னி தராசிலிருந்து தலையை நிமிர்த்தி, ஞாபகம் இருக்கிறது என்பதுபோல் கையை ஆட்டுகிறாள்.

காற்று இன்னும் வரவில்லை.